நெற்றியில் ஒரு கோடு

ஹட்டனிலிருந்து கொட்டகலை போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் தன் கணவரிடம் கேட்டாள்:

“என் நெத்தியை என்னங்க செஞ்சீங்க?”

அவர் கையிலிருந்த போனில், நெற்றியில் கயிறு மாட்டி, முதுகில் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு அவள் நிற்கும் படம்.

“ஓரத்துல நின்ன கங்காணியை வெட்டி எடுத்துட்டேன். அதுக்குப் பேரு க்ரோப். வெளிச்சம் கூட்டினேன். அது பிரைட்னஸ்.”

“அதெல்லாம் சரிங்க. கூடைக் கயிறு பதிஞ்ச கோடு எங்க?”

“ஹீல்னு ஒண்ணு இருக்கு புள்ள. விரலால தேச்சா எந்தத் தழும்பும் போயிரும்.”

“ஏன், பார்க்க அசிங்கமா இருந்துச்சா?”

அவர் போனிலிருந்து கண்ணெடுத்து அவள் நெற்றியைப் பார்த்தார்.

“இல்ல. தெனம் தைலம் தேய்க்கிறியே. படத்துலயாச்சும் வலிக்காம இருக்கட்டும்னுதான்.”

“இருவது வருஷக் கோடுங்க. அது இல்லாட்டி யாரோ மாதிரி இருக்கேன்.”

“செஞ்சதைத் திருப்பிக் கொண்டுவரவும் வழி இருக்கு. அன்டூ.” அமுக்கினார். “வந்துருச்சு, பாரு.”

அவள் பார்த்துவிட்டு அவர் தோளில் சாய்ந்தாள். அவர் போனைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு அதே விரலால் அவள் நெற்றியை மெல்லத் தேய்க்கத் தொடங்கினார்.