சேதி சொல்லாத வூடு

ஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம் கண்ணு. குக்கரு விசிலடிக்கறதுக்கு முன்ன மூச்சு வுடுமே, அந்த மாதிரி. எங்கம்மா தொண்ட வீங்கி அடைச்சிகினப்போ வந்தது. நா அப்ப சின்னப் பொண்ணு. இன்னும் காதுல கீது. காத்து கருப்பு அடிச்சி செத்துட்டான்னு ஊரு சொல்லிச்சு. ரத்தத்துலயே வர வியாதி, தலமொறையா வரும்னு அன்னிக்கு யாருக்குத் தெரியும்? சரி, ஆனா அதுக்காவ ஒரு வூட்ல மனுசன் சிரிக்கவே கூடாதா? நீயே சொல்லு.

கொஞ்சம் இப்படி நவுந்து ஒக்காரு, பஸ்ஸுல முன்னாடி கீறவங்களுக்கு என் தல தெரியக் கூடாது. ஏன்னு சொல்றேன், இரு.

எனக்கும் அதே நோவுதான். திடீர்னு கை வீங்கும், ஒதடு வீங்கும், வயித்துக்குள்ள வீங்கி உயிரு போவும். கோவப்பட்டா வரும், பயந்தா வரும், சந்தோசப்பட்டாலும் வரும். சும்மா இருந்தாலும் வரும், அது வேற. எங்க வூட்டுக்காரரு ஏசுபாதம் இன்னா பண்ணாரு? சேதிய சேதியா சொல்றதயே வுட்டுட்டாரு. கல்யாணமோ சாவோ, எல்லாத்துக்கும் ஒரே கொரலு. ஒரு நாளு வந்து நிக்கறாரு. "பாலு வாங்கியாச்சு. கேஸ் சிலிண்டரு நாளைக்கு வரும். ஒங்கண்ணன் செத்துட்டாரு. தேங்கா கெடைக்கல." நானும், "சரி, தேங்கா நாளைக்கு வாங்கிக்கலாம்"னுட்டேன் கண்ணு. மீனு பாதி கழுவனப்புறம்தான் ஒறச்சுது. கழுவுன மீனயே திருப்பித் திருப்பி கழுவிகினு இருந்தேன்.

டிவில எவளாச்சும் அழுதா சேனல மாத்திடுவாரு. கிரிக்கெட்டு கடசி ஓவருன்னா ஆஃபு. வானிலை ஒண்ணுதான் ஓடும். அதுலயும் புயலுன்னு வந்தா அதுவும் கட்டு. பக்கத்து வூட்டு ஓலை பறந்து வந்து எங்க வாசல்ல வுழுந்தாதான் புயலுன்னே எங்களுக்குத் தெரியும். சிரிக்கற... சிரி, சிரி. ஒனக்கின்னா.

இதுல எம்பொண்ணு ரெஜினா... டிரைவருக்குப் பின்னாடி, பச்ச சுடிதாரு. எட்டிப் பாக்காத, திரும்பிடுவா. அவளுக்கும் இந்த நோவுதான். காலேஜு சேந்த வருசமே க்ளாஸ்ல வெச்சி மூஞ்சி வீங்கிடுச்சு. எவளோ போன்ல வீடியோ புடிச்சி காலேஜு பூரா சுத்தவுட்டுட்டா. வூட்டுக்கு வந்தவ ரூம சாத்திகினா. கேட்டா "ஒண்ணுமில்லம்மா". துன்றா, தூங்கறா, "ஒண்ணுமில்லம்மா". நாங்க இன்னா நெனச்சோம் தெரியுமா? புள்ள அமைதியா கீது, வீக்கம் கம்மியா கீதுன்னு சந்தோசப்பட்டோம். எங்க வூட்ல எல்லாருமே அப்படித்தான கீறோம், வித்தியாசம் எப்படித் தெரியும்? அப்புறம் ஒரு நாளு, "நா இல்லன்னா ஒங்களுக்கு ஒரு தொல்ல கொறையும்"னா. அதயும் எங்க வூட்டு கொரல்லயே சொன்னா. தேங்கா கெடைக்கலன்ற மாதிரி.

அன்னிக்கே செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு இஸ்துகினு போனோம். வீக்கம் வந்தா போட்டுக்க ஊசி குடுத்தாங்க. மனசு டாக்டரம்மாகிட்டயும் அனுப்பினாங்க. அந்தம்மா கேட்டுது பாரு ஒரு கேள்வி: "உங்க வீட்ல கடைசியா சிரிச்சது யாரு?" நாங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கறோம். எங்க வூட்டுக்காரரு ரொம்ப யோசிச்சி, "விருந்தாளி சிரிச்சா கணக்குல வருமா மேடம்?"னாரு. மொதல்ல ரெஜினாதான் சிரிச்சா. அப்புறம் நானு. அவருக்கு சிரிப்பு மறந்தே போச்சு, இருமல் மாதிரி வந்துது. யாருக்கும் ஒண்ணும் வீங்கல.

பேசுங்க, அழுங்க, சண்ட போடுங்கன்னு டாக்டரம்மா உத்தரவு. எனக்கு சொல்லணுமா? கல்யாணம் ஆனதுலேந்து சேத்து வெச்ச பேச்சு. இப்ப காய்காரம்மா என்னப் பாத்தா வண்டிய அடுத்த தெருவுக்குத் திருப்புது.

இன்னிக்குதான் மறுபடி காலேஜு. காத்தால லேசா ஒதடு வீங்கிகினு இருந்துது. மாஸ்க் போட்டுக்கன்னேன். "வேணாம்மா, பாக்கறவங்க பாக்கட்டும். நீ மட்டும் பின்னாடி வராத"ன்னா. சத்தியம் பண்ணேன். பண்ணிட்டு, அவ முன்னாடி ஏறினதும் நா பின்னாடி ஏறிட்டேன். இன்னா பண்றது, தொண்ட அடைச்சிகினா யாரு பாப்பா?

கேளம்பாக்கம் தாண்டிச்சா? அவ படூருல எறங்கணும். நீ எங்க கண்ணு... படூரா? கழுத்துல இன்னா, காலேஜு கார்டா? காட்டு... அதே காலேஜா? இன்னா, அவ க்ளாஸா?

போச்சு. எல்லாத்தயும் ஒங்கிட்டயே கொட்டிட்டேனா. பாப்பா, நா சொன்னத அவகிட்ட... எங்க எழுந்துக்கற? முன்னாடி போவாத. ஒக்காரும்மா.

போயிட்டா. அவ பக்கத்துலயே ஒக்காந்துட்டா. இன்னாவோ சொல்றா. ரெஜினா திரும்பறா... பாத்துட்டா. ஏசப்பா, மொறைக்கறா. இல்ல... சிரிக்கறா. ஒதடு ஒரு பக்கமா இழுத்துகினு சிரிக்கறா.

இன்னா கண்டக்டரே? நா எறங்கல. அந்தப் பொண்ணுங்க ரெண்டும்தான். மெல்ல எறங்கட்டும், விசிலடிக்காதீங்க.

எறங்கிட்டாங்க. ரெண்டு பேரும் பேசிகினே போறாங்க. ரெஜினா காலேஜுக்குள்ள போயிட்டா.