ஊறுகாய் ஜாடியில் திராட்சை ஒயின்

குழந்தைக்கு அம்மை குத்த ஆஸ்பத்திரி வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். நீலப் புடவைக்காரி சொன்னாள்:

"எம் பொண்ணப் பாக்க வந்தவங்களுக்கு ஊறுகா வாசத்தோட ஒயின் குடுத்துட்டேன்க்கா."

"ஐயோ, எப்படிடி?"

"வூட்டுல போட்ட திராட்ச ஒயினுதான். வெயிலுக்கு இதமா இருக்குமேன்னு அன்னாசி, ஆரஞ்சு எல்லாம் நறுக்கிப் போட்டு ஜாடியில ஊற வச்சேன். பீங்கான் பாக்டரில கழிச்சுப் போட்ட ஜாடி. உள்ள பளபளப்புப் பூச்சு சரியா ஏறல. போன வருஷத்து மாங்கா ஊறுகா உப்பும் காரமும் அதுல எறங்கிக் கெடந்திருக்குது."

"ருசி பாக்கலியா?"

"அவசரத்துல எங்க பாத்தேன்? மாப்பிள்ளையோட அம்மா ஒரு வாய் குடிச்சிட்டு என்னையே பாத்தாங்க. சம்பந்தம் போச்சுன்னு நெனச்சேன்."

"என்னன்னு சமாளிச்ச?"

"சமாளிக்கலக்கா. ஜாடி கதைய அப்படியே சொல்லிட்டேன்."

நானாக இருந்தால் பழத்தின் மேல் பழி போட்டிருப்பேன்.

"அவங்க?"

"டம்ளர காலி பண்ணிட்டு மகன் பக்கம் திரும்பினாங்க. 'டேய், இவங்க வூட்டுல எதையும் மறைக்க மாட்டாங்க போலிருக்குது. இனிமே நீதான்டா ஜாக்கிரதையா இருக்கணும்'னாங்க."