லென்ஸ் மேல் குற்றமில்லை

நல்ல படத்துக்கு விலையுயர்ந்த லென்ஸ் வேண்டும் என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் காலையில் தாமதமாக எழுந்திருப்பவர்கள். வெயில் ஏறுவதற்கு முன் எடுத்தால் பாதி வேலை முடிந்தது. மண் சூடேறிவிட்டால் அதன் மேல் காற்று நெளியும். அப்புறம் எந்த நாட்டு லென்ஸை வைத்து எடுத்தாலும் தூரத்துப் பொருள் தண்ணீருக்கு அடியில் கிடப்பது போலத்தான் வரும்.

இதைச் சொல்லத்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன், இன்ஸ்பெக்டர் ஐயா. விசாரணை செய்தவர்கள் நேற்று முடிவு சொல்லிவிட்டார்கள். வாய்க்கால் வெட்டில் மண் சரிந்து இரண்டு பேர் இறந்ததற்குக் காரணம் மட்டமான லென்ஸ் என்று எழுதியிருக்கிறார்கள். அது சரியில்லை. எழுதுகிறவர்கள் சரியாக எழுத வேண்டும்.

என் பெயர் சக்கரபாணி. சிதம்பரத்தில் பௌதிகம் படித்தேன். சுரங்கத்தில் இறைக்கிற தண்ணீரை வெளியே கொண்டுபோக மேட்டு நிலத்தைப் பிளந்து ஒரு வாய்க்கால் வெட்டுகிறார்கள் அல்லவா, அந்த வேலையை எடுத்த கான்ட்ராக்டரிடம் சர்வே பார்க்கிறேன். வெட்டுக்குப் பக்கத்திலேயே தகரக் கூரை போட்ட வீடு கொடுத்திருந்தார்கள். அங்கிருந்து மந்தாரக்குப்பம் போக வண்டிப்பாதைதான்.

வெட்டு இரண்டு பனை ஆழம். கிழக்குச் சுவரின் நடுவில் ஒரு விரிசல் இருந்தது. கீழே நின்று பார்த்தால் நீட்டிக்கொண்டிருக்கும் மண்மேடை அதை மறைத்துவிடும். மேலே விளிம்பில் நடக்க யாருக்கும் அனுமதி இல்லை. எதிர்க்கரையிலிருந்து மட்டுமே தெரியும், அதுவும் வெறும் கண்ணுக்கு ஒரு கறுப்பு நூல் மாதிரி. அதனால் எஞ்சினியர் அய்யாசாமி ஒரு ஏற்பாடு செய்தார். ஒரே ஒரு முறை மேலிருந்து கயிற்றில் ஆள் இறக்கி, விரிசலின் இரு பக்கமும் சுண்ணாம்பால் கோடு போடச் செய்தார். தினமும் காலையில் நான் எதிர்க்கரையிலிருந்து படம் எடுத்து, கழுவி, அவர் மேஜைக்குக் கொண்டுபோக வேண்டும். நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். கோடுகளுக்கு நடுவே இடைவெளி கூடவில்லை என்றால் தலையசைப்பார். அதற்குப் பிறகுதான் கீழே ஆள் இறங்கும்.

கூலியாட்கள் கரையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு காத்திருப்பார்கள். மண் சுமக்கிற செல்லக்கிளி என்னைப் பார்த்தால் சும்மா விடமாட்டாள்.

"இன்னா சார், இன்னிக்கு இன்னா படம்? அழுகாச்சிப் படமா, சண்டப் படமா?"

கலியன் பதில் சொல்வான். "நமக்கு ஓடாத படந்தான்டி நல்லது. அது ஓடிச்சின்னா அப்புறம் நீ எங்க, நான் எங்க."

கலியன்தான் எனக்கு உதவிக்கு வருபவன். என்னைவிடப் பத்து வயது மூத்தவன். சொந்தமாக ஒரு மாட்டுவண்டி வைத்திருந்தான்.

லென்ஸைப் பற்றிச் சொல்கிறேன். இது முக்கியம். சென்னை மூர் மார்க்கெட்டில் கப்பல்காரன் யாரோ விற்றுப்போனதை முதலாளி வாங்கி வந்தார். ஜப்பான் லென்ஸ். குழாயை முன்னே இழுத்தால் தூரத்துப் பொருள் கிட்டே வரும், பின்னே தள்ளினால் விலகும். ஜூம் லென்ஸ் என்பார்கள். இதற்கு நான்கைந்து கெட்ட குணங்கள் உண்டு. முழுக்க இழுத்தால் படம் மங்கும். ஆகவே கொஞ்சம் உள்ளே தள்ளியே வைக்க வேண்டும், சுவர் சற்றுச் சின்னதாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. வெளிச்சம் நுழைகிற துவாரத்தை முழுக்கத் திறந்தால் எல்லாம் பஞ்சாக வரும். நன்றாகச் சுருக்க வேண்டும். சுருக்கினால் வெளிச்சம் போதாது, அதனால் வேகமான பிலிம் வேண்டும். காமிராவைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் குழாய் தன் பாரத்தில் தானே வழுக்கி இறங்கும், ஃபோகஸ் போய்விடும். அதற்கு சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிக் குழாயின் மேல் இறுக்கி மாட்டினேன். முக்காலியின் நடுவில் மணல் மூட்டை தொங்கவிட்டேன். லாரி போனால் தரை அதிர்வது அடங்கும் வரை காத்திருப்பேன். காமிராப் பொத்தானை விரலால் அழுத்தாமல் கம்பி வைத்து அழுத்துவேன். கலியன் குடை பிடித்து லென்ஸ் வாயில் வெயில் விழாமல் பார்த்துக்கொள்வான்.

இவ்வளவும் செய்தால் சுண்ணாம்புக் கோட்டில் மட்டை இழுத்த தடம்கூடத் தெரியும். அய்யாசாமி முதல் படத்தைப் பார்த்துவிட்டு, "இது அந்த ஓட்டை லென்ஸ்ல எடுத்ததா?" என்று கேட்டார். அன்று அம்சவல்லியிடம் சொன்னேன். சிரித்தாள்.

அம்சவல்லி என் மனைவி. சேத்தியாத்தோப்புப் பெண். லென்ஸ் வந்த புதிதில் அதில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "இவ்ளோ தூரம் தெரியுதே, எங்க வூடு தெரியுமா பாருங்களேன்" என்றாள். தெரியாது என்றேன். "அப்ப இது இன்னா பெரிய லென்சு" என்றாள்.

ஆனி மாதம் அவள் இறந்துவிட்டாள். ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து உதிரம் போனது. ஞாயிறு என்பதால் லாரிகள் இல்லை. கான்ட்ராக்டரின் ஜீப் ஒன்றுதான் இருந்தது. அது சூப்பர்வைசர் சங்கரலிங்கத்தின் பொறுப்பில். அவரிடம் போய்க் கேட்டேன். முதலாளி வீட்டு விருந்துக்குப் பலாப்பழம் வாங்கிவர ஜீப்பைப் பண்ருட்டிக்கு அனுப்பிவிட்டார். கலியன் வண்டியைப் பூட்டினான். வைக்கோல் பரப்பி, அவன் மனைவியின் புடவையை மேலே விரித்து, அம்சவல்லியைப் படுக்கவைத்தோம். தார் ரோட்டைத் தொடும்போது அவளுக்கு நினைவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் வண்டியிலேயே பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்றார்.

சங்கரலிங்கம் துக்கம் விசாரிக்க வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. தரையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "எனக்குத் தெரியாமப் போச்சே தம்பி. தெரிஞ்சிருந்தா நானே தூக்கிட்டு ஓடியிருப்பேம்லா." பரவாயில்லை அண்ணாச்சி என்றேன். காபி போட்டுக் கொடுத்தேன். எனக்குக் கோபம் இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். கோபக்காரனுக்குக் கை நடுங்கும். அந்த மாதங்களில் நான் எடுத்த படங்களைப் பாருங்கள். ஒன்றுகூட அசையவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. வேலை நின்றது. மழை விட்ட காலையில், சங்கு ஊதுவதற்கு முன்பே நானும் கலியனும் எதிர்க்கரைக்குப் போய்விட்டோம். காற்று கழுவினது போல் இருந்தது. அந்த மாதிரி வெளிச்சம் வருஷத்தில் சில நாள்தான் கிடைக்கும். ஃபோகஸ் செய்தேன். விரிசல் திறந்திருந்தது. கை நுழையும் அளவுக்கு. சுண்ணாம்புக் கோடுகள் ஒன்றுக்கொன்று நேராக இல்லை. ஒரு பக்கம் கீழே இறங்கியிருந்தது. உள்ளிருந்து தண்ணீர் கசிந்து மண்ணை மெல்லக் கரைத்துக்கொண்டிருந்தது.

ஒரு படம் எடுத்தேன். மிகவும் நன்றாக வந்திருக்கும் என்று எடுக்கும்போதே தெரிந்தது.

பிறகு உட்கார்ந்துவிட்டேன். கலியன் பீடி பற்றவைத்தான்.

"எட்த்தாச்சா சார்? பொறப்படலாமா?"

"இன்னொன்று எடுக்க வேண்டும். வெயில் வரட்டும்."

"வெயில் வரக் கூடாதுன்னு சொல்லிகினு இருப்பீங்களே."

"இன்றைக்கு வரட்டும்."

வெயில் ஏறியது. ஈர மண்ணிலிருந்து ஆவி கிளம்பிச் சுவர் முழுக்க நெளிந்தது. டியூப் துண்டைக் கழற்றினேன். மணல் மூட்டையை இறக்கி வைத்தேன். துவாரத்தை முழுக்கத் திறந்தேன், குழாயை முழுக்க இழுத்தேன். குடை வேண்டாம் என்றேன். ஒரு லாரி போகும்போது விரலால் அழுத்தினேன். நான் எதையும் கெடுக்கவில்லை, ஐயா. லென்ஸை அதன் இயல்புக்கு விட்டேன், அவ்வளவுதான்.

அந்த இரண்டாவது படத்தைத்தான் அச்சிட்டுக் கொண்டுபோனேன்.

அய்யாசாமி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "என்னய்யா இது, சாம்பிராணிப் புகைக்குள்ள எடுத்த மாதிரி?"

"ஆவி சார். மழை பெய்த மண்."

"அப்பவே சொன்னேன், இந்த மூர் மார்க்கெட் சரக்கெல்லாம் வேண்டாம்னு. யார் கேக்குறா?"

"வேண்டுமானால் நாளைக் காலையில் இன்னொன்று எடுக்கிறேன் சார்," என்றேன். அவர் சம்மதிக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். மழையில் நாட்கள் போயிருந்தன. முதலாளி தினமும் ஆள் அனுப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனாலும் நான் சொன்னேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

அய்யாசாமி சங்கரலிங்கத்தின் பக்கம் திரும்பினார். "என்ன அண்ணாச்சி, இறக்கலாமா?"

"முன்ன எடுத்த படத்துல நல்லாத்தான சார் இருந்திச்சு. எப்பவும் போல மொதல்ல நான் நாலு பேரக் கூட்டிட்டு எறங்கித் தண்ணிய வெளியேத்துதேன். மத்தவங்க பொறவு வரட்டும்." அப்புறம் என்னைப் பார்த்தார். "தம்பி, நீ கண்ணால பாத்தியே. எப்படி இருந்திச்சு?"

அந்த அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. படத்தின் ஓரம் காற்றில் எழும்பி எழும்பி விழுந்தது.

"படத்தில் தெரிவதுதான் அண்ணாச்சி," என்றேன்.

அது பொய்யில்லை. அய்யாசாமி தலையசைத்தார்.

வெளியே வந்தபோது சங்கரலிங்கம் கரையில் நின்று ஆள் பொறுக்கிக்கொண்டிருந்தார். மழைக்குப் பிறகு பாதிப் பேர் வேலைக்கு வந்திருக்கவில்லை. கலியனைக் கூப்பிட்டார். கலியன் என்னிடம் வந்தான்.

"அண்ணாச்சி கீழ கூப்புட்றாரு சார். உங்களுக்கு வேல ஒண்ணும் இல்லியே? போவட்டுமா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவன் என் ஆள். வேலை இருக்கிறது, இங்கேயே இரு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என்ன வேலை என்று கேட்பான். படம் எடுத்து முடிந்தது என்று அவனுக்கே தெரியும். காலையில் வெயிலுக்காக நான் காத்திருந்ததையும் அவன் ஒருவன்தான் பார்த்தான். டியூப் துண்டைக் கழற்றியதையும் பார்த்தான். இதையெல்லாம் அப்போது நான் யோசித்தேனா என்று நீங்கள் கேட்கலாம். யோசித்ததாக நினைவில்லை.

"சார்?"

"போ," என்றேன்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டான். பீடிக்கட்டு நனைந்துவிடும் என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். செல்லக்கிளியும் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "பொம்பளையாளு அப்புறம்" என்று சங்கரலிங்கம் அவளை உட்காரச் சொன்னார்.

நான் எதிர்க்கரைக்குத் திரும்பினேன். மணல் மூட்டையைத் தொங்கவிட்டேன், டியூப் துண்டை மாட்டினேன், துவாரத்தைச் சுருக்கினேன். மோசமான படம் ஒன்று என் பெயரில் நின்றுவிடக் கூடாது. அதற்குள் மேகம் வந்து வெயிலை மறைத்திருந்தது. மண் குளிர்ந்து காற்று அடங்கியது. நான் கேட்காமலே அது நடந்தது.

லென்ஸ் வழியாகப் பார்ப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. சத்தம் கேட்காது. உண்மையில் கேட்கும், ஆனால் அது வேறு எங்கேயோ நடப்பது போல இருக்கும். சங்கரலிங்கம் முழங்கால் தண்ணீரில் நின்று மண்வெட்டியால் வழி காட்டிக்கொண்டிருந்தார். கலியன் அவருக்குப் பின்னால். மற்ற மூவரும் வாய்க்காலின் அடுத்த முனையில் கல் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் சின்னச் சின்னக் கட்டிகள் தண்ணீரில் விழுந்தன. சங்கரலிங்கம் நிமிர்ந்து மேலே பார்த்தார். நான் அழுத்தினேன். பிறகு மண்மேடையும் சுவரும் சேர்ந்து, உட்காருகிற மாதிரி, மெதுவாக இறங்கின.

செல்லக்கிளி கரையில் மாரில் அடித்துக்கொண்டு ஓடினாள். மற்றவர்கள் கையால் மண்ணைப் பறித்தார்கள். நானும் போய்ப் பறித்தேன். என் நகங்களை அப்போது நீங்களே பார்த்தீர்கள்.

இரண்டு நெகடிவும் இந்தக் கவரில் இருக்கின்றன. விடிந்ததும் எடுத்தது ஒன்று, கடைசியில் எடுத்தது ஒன்று. எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிப் பாருங்கள், உடையாது. கடைசிப் படத்தில் கலியனின் முண்டாசு முடிச்சு தெரிகிறது. அவன் குனிந்திருக்கிறான், அதனால் ஒன்றும் பார்த்திருக்கமாட்டான். விரிசல் திறந்ததை நான் தெளிவாகப் பார்த்தேன். தெரிந்தே மங்கலான படத்தைக் கொடுத்தேன். அவர்களைக் கீழே அனுப்பியது நான். இதை லென்ஸின் மேல் எழுதக் கூடாது. அய்யாசாமியின் மேலும் எழுதக் கூடாது, அவர் கொடுத்ததைப் பார்த்தார்.

இவ்வளவு நேரம் நீங்கள் ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டிருந்தீர்கள். இப்போது பேனாவை மூடி வைத்துவிட்டு ஒன்று கேட்கிறீர்கள்: "அன்னிக்கு ஜீப் கேக்கப் போனப்ப, உங்க சம்சாரத்துக்கு ரத்தம் போறத அந்த மனுஷன்கிட்டச் சொன்னீங்களா?"

சொல்லவில்லை. வீட்டில் கொஞ்சம் உடம்பு சரியில்லை, வண்டி சும்மா இருந்தால் பார்க்கலாம் என்றேன். டிரைவர் அப்போதுதான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். "அவசரமா தம்பி?" என்று சங்கரலிங்கம் கேட்டார். அவசரமில்லை அண்ணாச்சி என்றேன். படித்தவன், டிரைவர் முன்னால் நின்று ஒரு ஜீப்புக்காகக் கெஞ்ச முடியாது.

என் முகத்தைப் பார்த்தே அவர் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.