ரெண்டாம் பாகத்துக்குப் பொண்ணு

இல்லீங்க ஐயா, இங்கேருந்து கூப்ட்டா அவளுக்குக் கேக்காது. புளியந்தோப்புக்கு அந்தாண்ட கீறா. நானே இட்டுக்கினு போய்க் காட்டறேன். மொதல்ல இந்தத் தண்ணியக் குடிங்க. மலையேறி வந்த எளப்பு இன்னும் அடங்கல ஒங்களுக்கு. அந்த ஓரமா குந்தாதீங்க, செவுத்துல எறும்பு போவுது. இப்பிடிப் பாய் மேல வாங்க.

என்னத் தெர்லியா? பாப்பாவோட அம்மாங்க, மாணிக்கம்மா. எனக்கு ஒங்கள நல்லாத் தெர்து. அப்ப தொப்ப இல்ல ஒங்களுக்கு. டைரக்டரு எந்தப் பக்கம் போனாலும் பின்னாலயே கொடைய புடிச்சிக்கினு ஓடுவீங்க. கொடக்காரருன்னுதான் ஒங்களுக்குப் பேரு எங்க ஊர்ல. இப்ப ஒங்களுக்கே ஒரு கொடக்காரன் கீழ ஜீப்பாண்ட நிக்கறானாமே? சொன்னாங்க, சொன்னாங்க. நல்லா இருங்க.

இன்னா கதைன்னீங்க, இன்னொருவாட்டி சொல்லுங்க. பாப்பா வளந்துட்டா. வயசுக்கு வர்றா. அன்னிக்கி அவ மேல கீற பேயி மறுபடி முழிச்சிக்குது. சடங்கு வூட்ல ஒவ்வொருத்தரா சாவறாங்க. ம். மெட்ராஸ்ல உக்காந்துக்கினு நல்லாத்தான் யோசன பண்ணிக்கீறீங்க. மொதப் படம் நல்லா ஓடியிருக்கும். இல்லாங்காட்டி இத்தினி வருசம் கழிச்சி எங்க நெனப்பு எதுக்கு வரப்போவுது?

இருங்க, ஒண்ணு கேக்கறேன். சடங்கு சீனுன்னீங்களே, அதுல பச்சக் குடிச கட்றது வர்தா? வர்தா! தாய்மாமன்தான் தழ வெட்டியாந்து கட்டுவானா? ஊரே கூடி மஞ்சத்தண்ணி ஊத்துமா? போன வாட்டி மாரியே எங்க ஊரு ஆளுங்களேதான் வர்ணுமா? அப்ப மாமனுக்கு வேற ஆளு தேட வேணாங்க. எங்க அண்ணன் தசரதன் மேலண்ட வூட்லதான் கீறான். நான் கூப்ட்டா வர மாட்டான், சினிமான்னா கத்திய எடுத்துக்கினு ஓடி வருவான். எதுக்குக் கேக்கறேன்னு பாக்கறீங்க. சொல்றேன். பொண்ண அனுப்பறியா இல்லியான்னு அதுக்கப்பறம் கேளுங்க.

அந்தச் சாவு சீனு ஞாபகம் கீதா ஒங்களுக்கு? கதையில பாப்பா செத்துப்பூடும், ஊரு சேந்து பொதைக்கும், அப்பால குழியிலேருந்து பேயா எழுந்து வரும். டைரக்டரு எங்க ஆளுங்கள எல்லாம் நிக்க வெச்சி, நீங்க நடிக்கவே வேணாம், ஒங்க வழக்கத்துல எப்பிடிச் செய்வீங்களோ அப்பிடியே செய்ங்கன்னாரு. அவரு நல்ல மனுசன்தான், அவரக் கொற சொல்லல. ஆனா எங்களுக்குப் பொய்யா செய்யத் தெரியாதுங்களே. பொய்யா அழலாம், பொய்யா சிரிக்கலாம். சாங்கியத்தப் பொய்யா எப்பிடிங்க பண்றது?

எங்க வூட்டுக்காரரு முனிசாமி நெஜமாவே மொட்ட அடிச்சிக்கினாரு. பாப்பாவக் குளிப்பாட்டி, நெத்தில காசு ஒட்டி, பாடையில படுக்க வெச்சாங்க. நாட்டாரு, அவருதான் எங்க ஊருக்குப் பெரிய மனுசன், குழியாண்ட நின்னு அவ பேரச் சொல்லிக் கூப்ட்டு, அம்மாக்கண்ணு, ஒனக்கும் எங்களுக்கும் ஒறவு தீந்துச்சி, திரும்பிப் பாக்காத போயிடுன்னாரு. நெஜச் சாவுக்குத்தான் அந்தப் பேச்சு. வேற எதுக்கும் அத வாயால எடுக்க மாட்டாங்க. அவ இன்னாடான்னா கண்ண இறுக்கி மூடிக்கினு, சிரிப்ப அடக்க முடியாம ஒதட்டக் கடிச்சிக்கினு கெடக்கறா. எனக்குத் தாங்கல. நான் கத்துன கத்துல இன்னாவோ கெட்டுப்போவுதுன்னு டைரக்டரு கோவப்பட்டாரு. நீங்கதான் என் கையப் புடிச்சி மேட்டுக்கு அந்தாண்ட இட்டுக்கினு போய் ஒக்கார வெச்சீங்க. பீடி கூட ஒண்ணு பத்த வெச்சீங்க, ஞாபகம் கீதா? அதனால பாப்பா குழியிலேருந்து எழுந்து வர்ற எடத்த எப்பிடி எடுத்தீங்கன்னு நான் பாக்கவே இல்ல.

அதோட ஒங்களுக்கு வேல முடிஞ்சிச்சி. லாரிய ஏத்திக்கினு போய்ட்டீங்க. எங்களுக்கு முடியல. பாதி சாங்கியத்துல வுட்டா ஊருக்கு ஆவாதுன்னு நாட்டாரு சொல்லிட்டாரு. லைட்டு இல்ல, மிசினு இல்ல, கம்பெனி ஆளு ஒருத்தர் இல்ல, நாங்களே கருமாதி வரைக்கும் பண்ணி முடிச்சோம். சாமச் சோறு, கருவாட்டுக் கொழம்பு, எல எலயா படையல் போட்டாங்க. எல்லாரும் கும்புட்டுக்கினு நிக்கறப்ப, பசிக்குதும்மான்னு இவ போயி நடு எலையாண்ட குந்திக்கினு துன்ன ஆரம்பிச்சிட்டா. அவ படையல அவளே. ஊரே வுழுந்து வுழுந்து சிரிச்சிது. நானும்தான் சிரிச்சேன்.

அப்பால ஒடுகத்தூரு கொட்டாயில படம் வந்துச்சி. ஊரப் பூட்டிக்கினு எல்லாரும் எறங்கிப் போனோம். மணலக் குமிச்சி ஒசரமா குந்திக்கினு, பாப்பாவ மடியில வெச்சிக்கினு பாத்தேன். தெரையில மண்ணு அசையுது. சின்னதா ஒரு கை வெளிய வர்து. மொகமெல்லாம் மண்ணு, கண்ணு வெள்ள வெளேர்னு எழுந்து நிக்கறா. கொட்டாயில கத்தாத ஆளு இல்ல. என் மடியில கீறவ மட்டும் கை தட்றா. ம்மா, நாம்மா, அது நாம்மான்னு குதிக்கறா. பக்கத்துல குந்திக்கினு இருந்த எங்க ஊரு சனம் கொஞ்சம் கொஞ்சமா தள்ளிப் போய்க் குந்துனாங்க. மறுநாளு மலையேறி வர்றப்ப எங்களுக்கு முன்னால ஒரு கூட்டம், பின்னால ஒரு கூட்டம், நடுவுல நாங்க மூணு பேரு மட்டும் நடந்து வந்தோம்.

அந்த வருசமே நாட்டாரோட பேரன் பேதியில செத்துப்பூட்டான். போதாதா? நாம அனுப்பி வெச்சவ போவல, திரும்பி வந்துட்டாள்னு ஆயிப்போச்சி. அடிச்சாங்களான்னா அடிக்கல. தொரத்துனாங்களான்னா தொரத்தல. அத மறைக்கக் கூடாது. பேசறதில்ல, அவ்ளோதான். போனவளாண்ட பேசினா கூடவே வந்துடும்னு ஒரு பயம். திருநாளுக்குத் தல கணக்குப் பாத்துக் கறி பங்கு போடுவாங்க, எங்க வூட்டுக்கு ரெண்டு தலக்குத்தான் வரும். அவ எதுர்ல நிப்பா. அவளுக்கு அந்தாண்ட கீற மரத்தப் பாத்து பேசுவாங்க.

அவளும் லேசுப்பட்டவ இல்லீங்க. ஒங்க ஆளுங்க கத்துக் குடுத்தாங்களே, கண்ண மேல சொருவி வெள்ளையா காட்றது, அத மறக்கவே இல்ல. தண்ணிக்கு வர்ற பொம்பளைங்க எதுர்ல போயி நின்னு அப்பிடிப் பண்ணுவா. கொடத்தப் போட்டுட்டு ஓடுவாளுங்க. நான் வெளக்கமாத்தால அடிச்சிக்கீறேன். எதுக்குடி இப்பிடிப் பண்றன்னு கேட்டா, பின்ன இன்னாம்மா, அப்பத்தான என்னப் பாக்கறாங்கன்றா.

அவங்கப்பாரா? புள்ள மொகத்தப் பாக்கறப்பல்லாம் தலையத் தடவிக்கினே இருப்பாரு, மொட்ட அடிச்ச தலைய. வாணியம்பாடிப் பக்கம் தோல் வேலைக்குப் போறேன்னு போனாரு. போனவரு போனவருதான். கீழ எறங்கிப் பொழைக்கலாமேன்னு கேக்கறீங்க. போனோங்க. சந்தவாசல்ல கரும்பு வெட்டப் போனோம். அங்கயும் ஒங்க படம் ஓடியிருந்துச்சி. பேய்ப் பொண்ணு பேய்ப் பொண்ணுன்னு கரும்புக் கொல்லையாண்ட வெச்சிப் பசங்க கல்லால அடிச்சானுங்க. மலைக்கே போலாம்மா, அங்க பேசாமயாவது இருப்பாங்கன்னு அவதான் சொன்னா.

இன்னும் கேளுங்க. படம் முடியறப்ப எழுத்து ஒண்ணு போட்டீங்களே, மறுபடி வருவாள்னு? எங்களுக்குப் படிக்கத் தெரியாது, கொட்டாயில யாரோ படிச்சிச் சொன்னாங்க. அத அவ கெட்டியா புடிச்சிக்கினா. ம்மா, சினிமாவுக்குப் பண்ண சாவத்தான நெஜம்ன்றாங்க, அதே சினிமாவுக்கு எனக்கு சடங்கு பண்ணா அதுவும் நெஜம்தான? மாமன் குடிச கட்டி, ஊரே வந்து தண்ணி ஊத்துனா நான் உசுரோட கீறவதான? அவுங்க வருவாங்கம்மா, எழுதிப் போட்டுக்கீறாங்கன்னா. எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சி. நாட்டாராண்ட போய்க் கேட்டேன். ஊரு கூடி மொறையா பண்ணா ஆவும், யாரு மொதல்ல தழ வெட்றதுன்னாரு. எங்க அண்ணனாண்ட போனேன். நானும் புள்ளகுட்டிக்காரன், ஒனக்காவத் தனியா வெட்ட மாட்டேன், கம்பெனிக்காரங்க வந்தா கும்பலோட கும்பலா வெட்றேன்னான்.

அன்னிலேருந்து அவ ஒங்களத்தான் பாத்துக்கினு இருந்தா. எங்கனா ஜீப்பு சத்தம் கேட்டா, சோத்துக் கையோட ஓடுவா வளைவாண்ட. பாரஸ்டு ஜீப்பா இருக்கும். அவுங்களுக்கும் ஒரு கும்புடு போட்டு, சினிமாக்காரங்க கீழ வந்துட்டாங்களான்னு கேட்டுட்டு வருவா. ஒவ்வொரு தையிலயும் சொல்லுவா, இந்த வருசம் வருவாங்கம்மான்னு. நம்பிக்க இல்லாதது எனக்குத்தான். அவ ஏசுவா என்ன.

ஒடம்புக்கு இதெல்லாம் தெரியுமா? போன ஐப்பசில வயசுக்கு வந்துட்டா. ஒங்களுக்காவக் காத்துக்கினு இருக்கல. நல்ல மழ. மறுபடியும் அண்ணன் வூட்டாண்ட போயி நின்னேன். உள்ளதான் இருந்தான், வெளிய வர்ல. அண்ணிக்காரி முறத்த எடுத்துக்கினு உள்ள போனவ கதவ சாத்திக்கினா. சரின்னு நானே கத்திய எடுத்துக்கினு போயி தழ வெட்டியாந்தேன். தாயி வெட்டக் கூடாதுதான். வேற யாரு வெட்டுவா? எனக்குக் கட்டத் தெரியல, ஒரு பக்கமா சாஞ்சிக்கினு நின்னுது. அவளுக்கு அதுலயும் சந்தோசம். உள்ள குந்திக்கினு, ம்மா, நல்லாத்தாம்மா கீது, படத்துல கட்றப்ப மாமன நேரா கட்டச் சொல்லலான்னு சிரிக்கறா. மேல ஒழுவுது, கீழ தண்ணி வர்து. சிரிக்கறா.

அனுப்பறியா இல்லியான்னு திரும்பத் திரும்பக் கேக்கறீங்க. நான் எதுக்குங்க வேணாங்கப் போறேன்? வாங்க, அவளையே கேளுங்க. வெயிலு சாயறதுக்குள்ள போய்ட்டு வந்துடலாம். அந்தப் பையில இன்னாங்க, பாவாட தாவணியா? சடங்கு சீனுக்கா? நல்ல மஞ்சா. எடுத்துக்கினு வாங்க, இங்க எதுக்கு வெச்சிட்டு வர்றீங்க.

பாத்து வாங்க, கல்லு உருளும். இந்த வழி ஞாபகம் வர்தா? இதோ இந்த மேட்லதான் என்ன ஒக்கார வெச்சீங்க. மரம் இப்ப ஒசந்துபோச்சி, அதான் தெர்ல ஒங்களுக்கு. இன்னும் கொஞ்சம் தூரந்தான்.

ஆங், இங்கதான். யாரத் தேடறீங்க சுத்திச் சுத்தி? அங்க இல்லீங்க, கீழப் பாருங்க. ஒங்க காலாண்ட.

ஆமாங்க. அன்னிக்கி நீங்க வெட்டச் சொன்ன குழிதான். மூடாமயே போய்ட்டீங்க. ஊர்ல ஒருத்தரும் கிட்ட வந்து மண்ணு தள்ளல, அப்பிடியே கெடந்துச்சி. குடிசையில நனைஞ்சதுல காச்சலு. ஒடுகத்தூரு ஆசுபத்திரிக்கு எறக்க டோலி தூக்க ஆளு வேணும். வூடு வூடா நின்னேன், தலையக் குனிஞ்சிக்கினாங்க. முதுவுல கட்டிக்கினு நானே எறங்கினேன். வளந்த பொண்ணு இல்லியா, காலு ரெண்டும் தரையில இழுக்குது. பாதி வழியில கனம் கூடிப்போச்சி. திரும்பி ஏறினேன். நாட்டாரு வாசல்ல நின்னு, எல்லாந்தான் அன்னிக்கே பண்ணியாச்சே மாணிக்கம்மா, இன்னொருவாட்டி எப்பிடிப் பண்றதுன்னாரு. அவரு சொல்றதும் சரிதான? அதான் நானே கொண்டாந்து வெச்சி மூடிட்டேன். பறை இல்ல, பாட இல்ல. படையல் கூட அவதான் அன்னிக்கே துன்னுட்டாளே.

எதுக்குப் பின்னால போறீங்க ஐயா? அவ ஒண்ணும் பண்ண மாட்டா. அந்தப் பாவாடய அப்பிடி மண்ணு மேல வெச்சிட்டுப் போங்க, அவளுக்குத்தான எடுத்தாந்தீங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும். என்ன அந்தாண்ட ஒக்கார வெச்சிட்டு, இந்த மண்ணுலேருந்து அவ கைய வெளிய வர வெச்சீங்களே, அது எப்பிடிங்க பண்ணீங்க? நானும் தெனத்துக்கும் வந்து பாத்துக்கினுதான் கீறேன்.