சாயக்குழி மேல் புல்

இருந்தவர்கள்: வரைபட அலுவலகத்தில் படம் வரையும் அக்கா. அதே அலுவலகத்துக்கு நிலம் அளந்து கொடுக்கும் தம்பி. அலுவலகத் தலைவரான மாமா, அக்காவின் கணவர், அன்று வரவில்லை.

— மெதுவாப் பேசுடா. சுவருக்கும் காது இருக்கு.

— என் வீட்டுச் சுவருக்கு வாயே வந்துடுச்சு, அக்கா. கை நுழையற அளவு பிளந்து நிக்குது.

— புது வீடுன்னா நாலு கீறல் விழத்தான் செய்யும்.

— கீறலா? சமையல்கட்டு ஒரு பக்கமா இறங்குது. பிள்ளை பந்தைத் தரையில வெச்சா தானா மூலைக்கு ஓடுது. தோண்டிப் பாத்தேன். நீலச் சேறு. நாத்தம் குடலைப் பிடுங்குது.

— இரு, இரு. உக்காரு முதல்ல.

— உக்கார வரலை. இந்தா, பழைய வரைபடத் தாள். ஆத்தோரம் சாய ஆலைங்க வந்த புதுசுல பள்ளத்தாக்கு முழுக்க அளந்து போட்டது. எங்க தெரு இருக்கற இடத்துல என்ன இருக்கு?

— குழி.

— ஆலைக் கழிவு கொட்டின மூணு சாயக்குழி. இப்ப நம்ம ஆபீஸ் போட்ட புதுத் தாளைப் பாரு. குழியைக் காணோம், புல்வெளி. கீழே யார் கையெழுத்து?

— உங்க மாமா.

— முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுட்டார் மனுஷன். மனை பாக்கப் போனப்போ தோள்ல கை போட்டு, "கண்ணை மூடிக்கிட்டு வாங்கு மச்சான்"னார். மூடிக்கிட்டுத்தான் வாங்கினேன்.

— அந்த ஆளுக்குக் கழுத்தை நீட்டினேன் பாரு, என்னைச் சொல்லணும்.

— நீ என்ன பண்ணுவே? நாளைக்கு விசாரணை. தெருவே வருது. இந்தத் தாள் ஒண்ணு போதும்.

— வேற பிரதி இருக்கா?

— எங்கேயும் இல்ல. ஆபீஸ்ல இருந்ததெல்லாம் வெள்ளத்துல போச்சுன்னு மாமா சொல்லிட்டார். இது பழைய ஆலை மேஸ்திரி வீட்டுப் பரண்ல கிடைச்சது.

— கொடு. உள் அறையில பெரிய விளக்கு இருக்கு. அளவு சரியான்னு பாத்துடறேன். ஒரு நூல் தப்பினாலும் உன்னையே மடக்கிடுவாங்க.

— பத்திரம், நொட்டாங்கை ராணி. இடது உள்ளங்கையில மையை இழுத்துடாதே. நீ வரையற புல்லு மட்டும் எதிர்ப்பக்கம் சாயும்னு ஆபீஸே சிரிக்கும்.

— சிரிச்சுட்டுப் போகட்டும். நீ இங்கயே இரு.

— அக்கா, வெளியே வா. இந்தப் புதுத் தாள்ல ஒண்ணு இடிக்குது.

— என்ன?

— கரைப் புல்லு, மேட்டுப் புல்லு எல்லாம் வலப்பக்கம் சாயுது. மாமா வரைஞ்சா அப்படித்தான்.

— சரி.

— எங்க தெருவுல மட்டும் இடப்பக்கம் சாயுது. அக்கா?

— கதவைத் தட்டாதே தம்பி. உள்பக்கம் ரெண்டு சுத்து பூட்டிட்டேன். வீட்டுக்குப் போ.