பாக்தாத் தட்டும் மொஹ்சினின் கட்டைவிரலும்

காலையில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்தால்தான் எனக்குக் கை நடுங்காது, காவல் தாரோகா ஐயா. வானம் பார்க்கும் பித்தளைக் கருவியான அஸ்தர்லாப் செய்வது என் தொழில். இந்தத் தகீ செய்த கருவி இம்மியும் பிசகாது என்று இஸ்பஹான் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் கணக்குப் போட்டு வளைவுகளை வெட்டுவேன். மொஹ்சின் ஓரங்களில் கொடியும் பூவும் செதுக்குவான். பதினோரு வருடக் கூட்டு.

அவனுக்கு ஓர் அசிங்கமான பழக்கம். செதுக்கிய கோட்டில் கரி மை தேய்த்ததும் கட்டைவிரலை நக்கி மிச்சத்தைத் துடைப்பான். மறுபடி நக்குவான், மறுபடி துடைப்பான். நாக்கு கறுத்துக் கிடக்கும். மீசையில் பிஸ்தாத் துணுக்கு ஒட்டியிருக்கும். எச்சில் பட்ட பித்தளையிலிருந்து ஒரு புளித்த நாற்றம் வரும், ஐயா. எனக்குக் குமட்டும்.

போன மாதம் ஓர் அமைச்சருக்காக பாக்தாத் தட்டு வெட்டினேன். ஊருக்கு ஊர் வானம் சாய்வதால் ஒவ்வோர் ஊருக்கும் கருவிக்குள் தனித் தட்டு வேண்டும். எண்களை நாங்கள் எழுத்துகளால் குறிப்போம். மூன்றுக்கும் எட்டுக்கும் ஒரே உருவம். புள்ளி இருந்தால் மூன்று, இல்லாவிட்டால் எட்டு. பழைய ஏட்டில் புள்ளி அழிந்திருந்தது. பாக்தாத்தின் அட்சரேகையான முப்பத்து மூன்று பாகையை முப்பத்தெட்டு என்று படித்து எல்லா வளைவுகளையும் தப்பாக வெட்டிவிட்டேன்.

மொஹ்சின் பார்த்ததும் சிரித்துவிட்டான்.

"என்ன உஸ்தாத், பாக்தாத் மூட்டை முடிச்சக் கட்டிக்கிட்டு வடக்க குடிபோயிடுச்சா?"

"மெதுவாப் பேசுடா."

"அட, பயப்படாதீங்க. நாள் கெடக்கு, வேற தட்டு வெட்டிக்கலாம். நான் யார்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு, அந்தத் தப்பான எண்ணின் மேலேயே விரலை நக்கித் தேய்த்தான்.

புதுத் தட்டு வெட்டினேன். மூன்றாம் நாள் அவனுடைய கரி மையில் எலிப் பாஷாணம் கலந்து வைத்தேன். சொன்ன சொல்லை அவன் காப்பாற்றினான்; நக்குவதற்கு மட்டும்தான் வாயைத் திறந்தான்.

மதியத்துக்குள் வாந்தி எடுத்தான், அதுவும் தட்டின் மேலேயே. "உஸ்தாத், வைத்தியரக் கூப்பிடுங்க" என்று என் காலைப் பிடித்தான். நான் முதலில் தட்டை எடுத்துச் சாம்பல் போட்டு இரண்டு தரம் கழுவினேன். பிறகுதான் வைத்தியருக்கு ஆள் அனுப்பினேன். அவர் வரும்போது உடம்பு ஆறியிருந்தது.

அருவருப்பினால் செய்தேன், ஐயா. பதினோரு வருடம் பொறுத்தேன். என் பிழையை அவன் பார்த்த மூன்றாம் நாள் அந்த எச்சிலைப் பொறுக்க முடியவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்றும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.