முப்பத்தோரு அங்குல மாப்பிள்ளை

எனக்குக் கல்யாணச் சாப்பாடு ரொம்பப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கல்யாணம் என்றாலே ஆகாதவன் என்று நினைத்துக்கொள்வீர்கள். ஆம்பூரிலிருந்து நெமிலிவரை வெயிலில் வந்தவனுக்கு, யார் என்று கேட்பதற்கு முன்பே மோர் கொடுத்தீர்கள். அந்த மோரைக் குடித்துவிட்டுப் பொய் சொல்வது முறையில்லை.

என் பெயர் ராமமூர்த்தி. உங்கள் மகள் சோபனாவுக்கு நிச்சயமாகி, பிறகு நீங்களே வேண்டாம் என்று நிறுத்திய மாப்பிள்ளை நவீன்குமார் என்னிடம்தான் வேலை பார்க்கிறான். நல்ல பையன். அதில் எந்தக் காலத்திலும் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

நான் ஷூ கம்பெனிகளில் சாம்பிள் பிரிவில் தலை நரைத்தவன். ஷூ செய்வதற்கு லாஸ்ட் என்று ஒன்று உண்டு. பாதம் மாதிரியே இருக்கும் அச்சு. அதன்மேல்தான் தோலை இழுத்துத் தைப்போம். எங்கள் தொழிலில் ஒரே ஒரு சட்டம்: வாங்குகிறவர் சாம்பிளை ஒப்புக்கொண்ட பிறகு லாஸ்டைத் தொடக்கூடாது. அதில் கொஞ்சம் இழைத்தாலும் ஆர்டர் மொத்தமும் குப்பைக்குப் போகும். இந்தச் சட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்.

இப்போது நான் ஜீன்ஸ் செய்கிறேன். சாதாரண ஜீன்ஸ் இல்லை. ஐம்பதுகளில் எவனோ ஓர் அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளி போட்டுக் கிழித்த ஜீன்ஸை, அதே துணி, அதே தையல், அதே அளவில் மறுபடி செய்வது. ஜப்பானில், ஒசாகாவில் இதற்காகவே உயிரை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அசல் ஒன்றை வாங்கி ஆபீஸில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தேன். வெளியே போர்டில் ‘பாரம்பரியம்’ என்று எழுதினேன்.

“யாரோட பாரம்பரியம் ராமு?” என்று கேட்டார் என் பார்ட்னர் ரஃபி அகமது. “என் வீட்ல இந்த மாதிரி பழைய பேண்ட்ட குடுத்துத்தான் பிளாஸ்டிக் குடம் வாங்கினாங்க.”

அவருக்கு அழகுணர்ச்சி கொஞ்சம் கம்மி.

துணி கிடைத்தது. செம்பு பட்டன் கிடைத்தது. பின்பக்கம் ஒட்டும் தோல் பட்டைக்கு ரஃபியின் டேனரி இருந்தது. கிடைக்காதது இடுப்பு. அந்தக் காலத்து வெட்டு தொப்புள்வரை ஏறும், பின்னால் தாராளம், தொடை நேராக இறங்கும். நம் ஊர் உடம்பில் மாட்டினால் முன்னால் நெருக்கடி, பின்னால் காலிமனை. நானே போட்டுப் பார்த்தேன். “தலகாணிக்கு உறை மாட்டினா மாதிரி இருக்குது” என்றார் ரஃபி.

ஒருநாள் பேக்கிங் பிரிவில் நவீன்குமார் அட்டைப்பெட்டி தூக்கக் குனிந்தான். அப்படியொரு பின்பக்கத்தை நான் பார்த்ததே இல்லை, தொழில்ரீதியாகச் சொல்கிறேன். கூப்பிட்டு அளந்தேன். இடுப்பு முப்பத்தொன்று. கண்ணாடிப் பெட்டியைத் திறந்து அசலையே மாட்டிவிட்டேன். அந்தச் சுரங்கத் தொழிலாளி எழுந்து வந்து நின்றது போலிருந்தது.

துவைக்காத டெனிம் தண்ணீர் பட்டால் சுருங்கும். ஆள்மேலேயே சுருங்கவிட்டால்தான் உடம்போடு படியும். எனவே நவீனை ஜீன்ஸோடு தண்ணீர்த்தொட்டியில் உட்காரவைப்போம். அப்புறம் மாடியில், தோல் காயப்போடுகிற இடத்தில், அவனையும் ஓரமாக நிறுத்துவோம். காயும்வரை உட்காரக்கூடாது, முட்டியை மடக்கக்கூடாது.

“சார், எறும்பு ஏறுது சார்.”

“ஏறட்டும்ப்பா. அது அளவை மாத்தாது.”

ஒசாகாக்காரர் வந்தார். நவீனைச் சுற்றி மூன்று முறை நடந்தார், பிரகாரம் சுற்றுவதுபோல. சாம்பிளுக்கு ஒப்புதல் கொடுத்தார். ஆடிக் கடைசியில் மறுபடி வருவேன், இதே ஆள்மேல் பார்த்துவிட்டுத்தான் ஆர்டர் என்றார். அன்றைக்கு நவீன்குமார் லாஸ்ட் ஆகிவிட்டான். அவனிடம் இதைச் சொல்லவில்லை. லாஸ்டிடம் யாரும் எதையும் சொல்வதில்லை.

சாப்பாட்டில் கொஞ்சம் கட்டுப்பாடு வைத்தேன். பிரியாணி கூடாது. ஆம்பூரில் இது சிரமம்தான். பஸ் ஸ்டாண்டைக் கடக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அவன் அம்மா கண்ணம்மாள் கொடுத்தனுப்பும் டிபன் கேரியரை நானே சாப்பிட்டேன். உணவை வீணாக்கினால் எனக்குப் பொறுக்காது. என் இடுப்பு முப்பத்தெட்டு. நான் லாஸ்ட் இல்லையே.

அப்போதுதான் பத்திரிகை கொண்டுவந்து நீட்டினான். வைகாசியில் கல்யாணம். முகமெல்லாம் சிரிப்பு.

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். வைகாசியில் கல்யாணம் என்றால் அப்புறம் மறுவீடு. சித்தி வீட்டு விருந்து, மாமா வீட்டு விருந்து, ஆடிக்கு மாமியார் வீட்டு அழைப்பு. மாப்பிள்ளை போதும் என்றால் நம்மவர்கள் அதை வேண்டும் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஒசாகாக்காரர் வரும்போது முப்பத்துநாலு அங்குலம் நிற்கும்.

“ஆவணிக்குத் தள்ளி வச்சுக்கோயேன்” என்றேன்.

“முடியாது சார். சோபனா அப்பா அந்தத் தேதிய வச்சு மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டிட்டாரு.”

“பேண்ட்டுக்காகக் கேக்கறேன்டா.”

“சார், பேண்ட்ட கழட்டிடலாம். பொண்ண விட்டா கிடைக்காது சார்.”

நியாயமான பதில். அதனால்தான் வேறு வழியில் போக வேண்டியதாயிற்று.

சித்திரையில் உங்களுக்கு ஒரு போன் வந்ததே, நினைவிருக்கிறதா? பையனுக்கு வயிற்றில் கட்டி, வேலூரில் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள், அதனால்தான் எதுவும் சாப்பிடுவதில்லை என்று ஒருவர் வருத்தப்பட்டாரே. அது நான்தான். வாட்ச்மேன் போனில் பேசினேன். பொய்யையும் அளவெடுத்துத்தான் தைக்க வேண்டும். நிச்சயதார்த்தத்தில் அவன் இரண்டு இட்லியோடு கையை எடுத்ததை உங்கள் வீட்டில் எல்லோரும் பார்த்திருந்தீர்கள். எடுக்கச் சொன்னவனும் நான்தான். நான் சொன்ன பொய் உங்கள்மேல் கச்சிதமாகப் பொருந்தியது. எங்கும் பிடிக்கவில்லை, எங்கும் தொளதொளக்கவில்லை.

நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். இன்னும் முடியவில்லை.

கல்யாணம் நின்றதும் வேலை ஒழுங்காக நடக்கும் என்று நம்பினேன். நவீன் வேலைக்கு வந்தான். தொட்டியில் உட்காரச் சொன்னால் உட்கார்ந்தான், வெயிலில் நிற்கச் சொன்னால் நின்றான். எறும்பு ஏறினால்கூடச் சொல்வதில்லை. பிரியாணி வேண்டாம் என்று நான் நினைவூட்ட வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. ஆனால் போன வாரம் அளந்தபோது இருபத்தெட்டரை. ஜீன்ஸ் அவன் இடுப்பிலிருந்து என் கண்முன்னாலேயே இறங்கியது. அவன் அதைப் பிடிக்கக்கூட இல்லை. அப்படியே நின்றான். அந்தத் துணி என்ன விலை என்று அவனுக்குத் தெரியும்.

“ஒரு பெல்ட்டு போட்டா போச்சு” என்றார் ரஃபி. “ஊரு பூரா பெல்ட்டுதானே ராமு.” பிறகு என் முகத்தைப் பார்த்தார். “அந்தப் புள்ளய இன்னா பண்ண நீ?” என்று கேட்டார். அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. பெல்ட் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்கிறவரோடு பேச எனக்கும் ஒன்றுமில்லை.

இப்போது கதவோரம் நிற்பது சோபனாதானே? ஏதோ கேட்க வருகிறாய் போலிருக்கிறது. கேளம்மா.

“இப்பவாவது சாப்பிடறாரா சார்?”

இல்லை. அதற்காகத்தான் நானே இவ்வளவு தூரம் வந்தேன். பாருங்கள், இதைக் கேட்கத் தோன்றுகிறது இந்தப் பெண்ணுக்கு. அந்த வீட்டில் இதுதான் இப்போது தேவை. அவன் வயிற்றில் கட்டியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனியிலும் நல்ல முகூர்த்தம் இருக்கிறது, பார்த்துவிட்டேன். மண்டபச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். என் மனதில் கெட்ட எண்ணம் இருந்தால் இப்படி வந்து உட்கார்ந்திருப்பேனா?

விருந்தெல்லாம் தாராளமாகப் போடுங்கள். நெய் ஊற்றுங்கள். இந்த டேப்பை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன், தொப்புளுக்கு நேராகப் பிடித்து அளக்க வேண்டும். முப்பத்தொன்று வந்ததும் இலையை எடுத்துவிடுங்கள்.